சிறு குளமும் பெரு வெள்ளமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





சமயமும் தமிழும் முழங்கும் இம்மேடையிலே பொறியியல் பயிலும் மாணவன் ஒருவனுக்கு என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணித் தயங்கினேன். ஆயினும் நம் செயலாளர் அவர்கள், "நீர் படிக்கிறதிலே ஊருக்கு உதவுகிற ஒன்றை ஊருக்கு விளங்கச் சொல்லும்" என்று கேட்டுக்கொண்டார். அக்கட்டளையைத் தட்ட முடியாமல் உங்கள் முன் நிற்கின்றேன். குற்றங் குறைகளைப் பெரியோர் பொறுத்தருள்வீர்களாக.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், ஒரு சிறு நீரேந்து பரப்பிலிருந்து மழைக்காலத்தில் அதிகமாய் எவ்வளவு வெள்ளம் பாயும் என்பதனை முன்கூட்டியே மதிப்பிடுவது எவ்வாறு என்பது. நீரேந்து பரப்பு என்பது வேறொன்றுமன்று. எந்த நிலத்திற் பெய்த மழை வழிந்தோடி ஒரு குளத்துக்கோ, ஒரு மதகுக்கோ வந்து சேருமோ அந்த நிலம் முழுவதுமே அதன் நீரேந்து பரப்பு.

நம் வன்னிப் பெருநிலத்திற் குளமில்லாத ஊர் இல்லை. குளம் உள்ள இடத்திற் கட்டு உண்டு. கட்டில் ஒரு துருசு உண்டு. கட்டின் ஒரு பக்கத்தே வான் ஒன்று உண்டு. கட்டோரத்து மரநிழலிற் பெரும்பாலும் ஒரு பிள்ளையாரும் உண்டு. துருசு, நாம் வேண்டும்போது வேண்டிய நீரை வயலுக்கு விடும் வாசல். வான், குளம் கொள்ளாத நீர் தானே வழிந்து போகும் வாசல். துருசுக்கு எசமானன் கமக்காரன். வானுக்கு எசமானன் மழை.

நம் தாய்மொழியிலே ஓர் அற்புதம் இருக்கின்றது. மேலேயிருந்து பொழிவதும் வான். கீழே குளத்தில் நீர் வழிவதும் வான். மேலே உள்ள வான் இறைவன் கையில் இருக்கின்றது. கீழே உள்ள வான் நம் கையில் இருக்கின்றது. குளம் உடைந்தபோதெல்லாம் நாம் மேலே உள்ள வானையே பழித்து வந்திருக்கின்றோம். கீழே உள்ள வானின் அகலம் போதுமாயிருந்ததா என்று கேட்டவர் சிலர். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே: மழை அவன் செயல், வானின் அகலம் நம் செயல்.

இதனை நான் நூலிற் கற்றதற்கு முன்பே ஒரு குளக்கட்டில் நின்று கற்றுக்கொண்டேன். பல்கலைக்கழகத்திற் சேர்ந்த ஆண்டில், மார்கழி விடுமுறைக்கு உறவினர் ஊருக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டா. அங்குள்ள சிறு குளம் நிறைந்து, இலேசாக வான் பாயத் தொடங்கியிருந்தது. "சிறுபோகத்துக்கு ஆகும் தண்ணீர் வீணாய்ப் போகிறதே" என்று வாலிபர் சிலர் வருந்தினர். உரப்பைகளில் மண் நிரப்பி வானின் மேல் ஓரடி உயரத்துக்கு அடுக்கினோம். அடுக்கினோம் என்று சொல்வது, நானும் அடுக்கினேன் என்பதற்காகவே. பெரியப்பா ஒருவர் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, "தம்பிமாரே, வானிலே கை வைச்சால் அது கட்டிலே காட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சிரித்தோம்.

மூன்றாம் நாள் இரவு மழை அடித்துப் பெய்தது. நடுச்சாமத்தில் அந்தப் பெரியப்பாவே எங்களை எழுப்பினார். ரோச் வெளிச்சத்திற் பார்த்தபோது நீர் கட்டின் விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நின்றது. இடுப்பளவு நீரில், ஒருவரையொருவர் கயிற்றாற் பிணைத்துக்கொண்டு, மண்வெட்டியாற் பைகளை வெட்டித் தள்ளினோம். அன்று கட்டு பிழைத்தது. கட்டின் கீழே இருந்த வீடுகளும் பிழைத்தன. அது எங்கள் கெட்டித்தனமன்று. விடியுமட்டும் என் மனத்தைத் துளைத்த கேள்வி ஒன்றே: அந்தப் பெரியப்பாவுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? அவர் அனுபவத்தால் அறிந்ததனைக் கணக்கால் அறிய வழியுண்டா?

வழியுண்டு, நண்பர்களே. அது கடினமான கணக்குமன்று. ஐந்தாம் வகுப்பிற் படித்த பெருக்கலும் வகுத்தலும் போதும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். பத்திரிகையும் வானொலியும் "24 மணி நேரத்தில் 240 மில்லிமீற்றர் மழை" என்று அறிவிக்கக் கேட்கின்றோம். அப்பெரிய எண்ணைக் கேட்டு அஞ்சுகின்றோம். ஆனால் ஒரு சிறு குளத்தைப் பொறுத்தவரை அந்த எண் பாதிச் செய்தியே. 240 மில்லிமீற்றரும் நாள் முழுவதும் ஒரே சீராகப் பெய்தால் மணிக்கு 10 மில்லிமீற்றர் ஆகும்; அது நல்ல மழை, அவ்வளவுதான். அதே 240 இல் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம், ஒரே மணி நேரத்திற் கொட்டினால்? நாளின் கூட்டுத்தொகை மாறவில்லை. குளத்தின் விதி மாறிவிட்டது. குளத்தை நிரப்புவது மொத்த மழை. கட்டை உடைப்பது மழையின் வேகம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு குளத்தின் நீரேந்து பரப்பு 2 சதுர கிலோமீற்றர், ஏறக்குறைய 500 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது சரியாக 1 லீற்றர் நீர். ஆகவே 2 சதுர கிலோமீற்றரில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மொத்தம் 1,50,000 கனமீற்றர் நீர். இது அவ்வளவும் குளத்துக்கு வந்து சேர்வதில்லை. காட்டு நிலம் ஒரு பங்கை உறிஞ்சும். இலைகளும் சருகும் ஒரு பங்கைத் தாங்கும். பள்ளங்கள் ஒரு பங்கைத் தேக்கும். நூற்றுக்கு 30 பங்கே ஓடிவரும் என்று கொண்டால் 45,000 கனமீற்றர். அது ஒரு மணி நேரத்தில், அதாவது 3,600 செக்கனில், பாய வேண்டும். 45,000 ஐ 3,600 ஆல் வகுத்துப் பாருங்கள்: செக்கனுக்கு 12.5 கனமீற்றர். இதுவே உச்சப் பாய்ச்சல். மழை சீராக மணிக்கு 10 மில்லிமீற்றர் வீதம் பெய்திருந்தால் இந்தக் கணக்கின்படி வருவது செக்கனுக்கு ஏறக்குறைய 1.7 கனமீற்றரே. ஒரே நாள், ஒரே மொத்த மழை. வெள்ளம் மாத்திரம் ஏழரை மடங்கு.

பொறியியலாளர் இதனையே சுருக்கி, உச்ச வெள்ளம் என்பது ஓடுநீர்க் குணகத்தை மழைச் செறிவாலும் பரப்பாலும் பெருக்கி வருவது என்று சொல்வர். இக்கருத்தை 1850ஆம் ஆண்டையொட்டி அயர்லாந்திலே வடிகால் வேலைகளில் ஈடுபட்டிருந்த மல்வனி என்னும் பொறியியலாளர் வெளியிட்டார். 1889 இல் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரக் கழிவுநீர்க் கால்வாய்களுக்காகக் குச்லிங் என்பவர் அதனை வளர்த்தார். நூற்றெழுபது ஆண்டுகள் கழிந்தும் உலகமெங்கும் சிறு மதகுகளும் வடிகால்களும் இக்கணக்கைக் கொண்டே அமைக்கப்படுகின்றன. காரணம் எளிது. பேராறுகளில் நீரளவு நிலையங்கள் உண்டு. நாளும் பொழுதும் அளந்து எழுதிய ஏடுகள் உண்டு. நம் ஊர்ச் சிறு குளத்துக்கு வரும் ஓடையை அளந்து எழுதி வைத்தவர் எவர்? அளவில்லாத இடத்தில் மதிப்பீடே துணை.

"ஒரு மணி நேர மழையை ஏன் எடுத்தாய்? அரை மணி நேரத்தை ஏன் எடுக்கவில்லை?" என்று கூர்மையுள்ள ஒருவர் கேட்கலாம். இக்கேள்வியே இக்கலையின் உயிர். இதற்கு ஒரு தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தேர் இருப்பில் வந்து நின்றதும் நான்கு வீதியிலும் நின்ற சனம் ஒரே வாசலை நோக்கி நடக்கின்றது. கீழை வீதியில் நின்றவர் உடனே வந்து விடுவர். மேலை வீதியின் கடைசி மூலையில் நின்றவர் வந்து சேரச் சற்று நேரமாகும். நான்கு வீதிகளிலிருந்தும் சனம் இடைவிடாது புறப்பட்டுக்கொண்டேயிருந்தால், கடைசி மூலையில் முதலிற் புறப்பட்டவர் வாசலை அடையும் அந்தக் கணத்திலேதான் வாசலில் நெருக்கடி உச்சத்தை அடையும். நீரும் அப்படியே. நீரேந்து பரப்பின் மிகத் தொலைவான மூலையில் விழுந்த துளி குளத்துக்கு வந்து சேர எடுக்கும் நேரத்தை, நீர் கூடும் நேரம் என்று சொல்லலாம். அவ்வளவு நேரமாவது மழை நீடித்தால் பரப்பு முழுவதும் ஒருங்கே வெள்ளம் அனுப்பும். அதனினும் குறுகிய மழை பரப்பின் ஒரு பகுதியை மாத்திரமே கூட்டும். அதனினும் நீண்ட மழைக்கு வழக்கமாகச் செறிவு குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நீரேந்து பரப்பும் தனக்கெனத் தகுந்த மழையைத் தானே தேர்ந்துகொள்கின்றது.

அந்நேரத்தைக் கணிக்க, 1940 இல் கிர்பிச் என்பவர் அமெரிக்காவின் ரெனெசி மாநிலத்து ஏழு சிறு நீரேந்து பரப்புகளின் அளவுகளிலிருந்து ஒரு சூத்திரம் அமைத்தார். ஓடையின் நீளமும் அதன் சரிவும் தெரிந்தாற் போதும். நம் எடுத்துக்காட்டில் ஓடையின் நீளம் 2 கிலோமீற்றர், அதன் வீழ்ச்சி 10 மீற்றர் என்று கொண்டால், நேரம் 52 நிமிடங்கள் வரும். ஆகையாலேதான் ஒரு மணி நேர மழையை எடுத்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். கிர்பிச் கண்ட நிலங்களின் சரிவு 100 மீற்றருக்கு 3 முதல் 10 மீற்றர். நம் எடுத்துக்காட்டிலோ 100 மீற்றருக்கு அரை மீற்றர். ஆகவே இது முதற்கணிப்பேயன்றி முடிந்த முடிபன்று. பிறர் நிலத்திற் பிறந்த சூத்திரத்தைத் தம் நிலத்திற் பயன்படுத்துகிறவர் அதன் பிறப்பிடத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

ஆசியாவிலும் இத்துறையில் உழைத்தோர் உண்டு. இந்தியாவில் 1865 இல் டிக்கென்ஸ் என்பவரும், சென்னை மாகாணத்தில் 1884 இல் றைவ்ஸ் என்பவரும் பரப்பை மாத்திரம் கொண்டு வெள்ளத்தை மதிப்பிடும் சூத்திரங்களை அமைத்தனர். றைவ்ஸின் சூத்திரப்படி, பரப்பு 8 மடங்கானால் வெள்ளம் 4 மடங்கே ஆகும். இதனை மறுபுறமாகத் திருப்பிப் பாருங்கள். சிறிய நீரேந்து பரப்பிலே ஓர் ஏக்கருக்கு வரும் உச்ச வெள்ளம் பெரிய பரப்பினும் இரட்டிப்பு. "சின்னக் குளந்தானே, என்ன வரப்போகிறது" என்று நாம் பேசுகின்றோம். ஏக்கர் கணக்கிற் பார்த்தால் சின்னக் குளத்துக்கே பெரிய அடி.

நம் நாட்டிலும் இப்பணி நடந்துள்ளது. நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணிபுரிந்த பொறியியலாளர் பொன்ராஜா அவர்கள், சிறு நீரேந்து பரப்புகளுக்கான நீர்ப்பாசனத் தலைவேலைகளை வடிவமைத்தல் பற்றி 1984 இல் எழுதிய நூல் திணைக்கள வெளியீடாக வந்தது. 1932 இல் ஷெர்மன் கண்ட அலகு நீர்வரைபடம் என்னும் முறையையும், நீரளவு நிலையம் இல்லாத இடங்களுக்கென 1938 இல் ஸ்னைடர் அதனை விரித்த வகையையும் நம் நாட்டு மாணவர் தம் நாட்டு வேலைக்குக் கையாள அந்நூல் கைவிளக்காய் இருக்கின்றது. பரப்பு பெருகப் பெருக நான் சொன்ன எளிய பெருக்கற் கணக்குத் தளரும். அப்போது அவ்வரைபட முறையே கைகொடுக்கும்.

இனி, கணக்கில் நான் மெல்ல நுழைத்த ஓர் எண்ணுக்குத் திரும்புவோம். "நூற்றுக்கு 30 பங்கே ஓடிவரும்" என்றேனே, அந்த 30 எங்கிருந்து வந்தது? அதுவே குணகம். பரப்பும் நீளமும் அளந்து பெறுவன. மழைச் செறிவு மழைமானியிற் பெறுவது. குணகமோ நிலத்தைப் பார்த்து மனிதன் தீர்மானிப்பது. அடர்ந்த காடாயின் குறைவு. காடு வெட்டி வெளியாக்கிய நிலமாயின் அதிகம். தார்வீதியும் சீமெந்து முற்றமுமாயின் 90 வரையும் போகும். அதே காடுகூட ஐப்பசியில் ஒரு குணகமும் மார்கழியில் வேறொரு குணகமும் உடையது. மண் வயிறு நிறையக் குடித்த பின் மேலும் குடியாது. நம் நாட்டிற் குளக்கட்டுகள் மழைக்காலத் தொடக்கத்தில் அன்றி அதன் பிற்பகுதியிலே அஞ்சப்படுவது இதனாலேயே. 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்திற் பல குளங்கள் உடைந்த கதையை இங்கிருக்கும் முதியோர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பர். 2018 டிசம்பர் 21, 22ஆந் தேதிகளிற் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீரில் மூழ்கியதை நம்மிற் பலர் கண்ணாற் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இந்நாட்டின் மலையையும் சமவெளியையும் ஒருங்கே கலக்கியது இன்னும் ஆறாத புண்.

நம் எடுத்துக்காட்டுக் குளத்துக்கு மேலே உள்ள காட்டிற் பெரும்பகுதியை வெட்டிவிட்டோம் என்று வையுங்கள். குணகம் 30 இலிருந்து 50 ஆகின்றது. மழை மாறவில்லை. உச்ச வெள்ளமோ 12.5 இலிருந்து ஏறக்குறைய 21 கனமீற்றராய் உயர்கின்றது. இதனை வானில் வைத்துப் பார்ப்போம்.

மட்டமான கற்கட்டு வானிலே, வழியும் நீரின் உயரத்தை அதன் வர்க்கமூலத்தாற் பெருக்கி, வந்ததை 1.7 ஆற் பெருக்கினால், வானின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் வழியும் என்பது வரும். அரை மீற்றர் உயரமாய் வழிந்தால் அது 0.6 கனமீற்றர். ஆகவே 12.5 கனமீற்றரை விட 21 மீற்றர் நீளமான வான் வேண்டும். முன்னோர் அவ்வாறே 21 மீற்றர் விட்டு, கட்டின் தலையை வானைவிட 1 மீற்றர் உயர்த்திக் கட்டினர் என்று கொள்வோம். வெள்ளம் வரும்போது நீர் வானின் மேல் அரை மீற்றர் ஏறும். மேலே அரை மீற்றர் கட்டு மிச்சமாய் நிற்கும். அந்த மிச்சம் அலையடிக்கும், நம் அறியாமைக்கும் விட்ட இடம்.

இப்போது காடு போயிற்று. 21 கனமீற்றர் வருகின்றது. அதே வானில் நீர் 70 சதமமீற்றர் ஏறும். மிச்சம் 30 சதமமீற்றர். கட்டு இன்னும் நிற்கும்.

அடுத்து, என்னைப் போன்ற வாலிபர் சிலர் வந்து வானின் மேல் ஓரடி, அதாவது 30 சதமமீற்றர், மண்பை அடுக்குகின்றனர். மிச்சம் எவ்வளவு? பூச்சியம். நீர் கட்டின் தலையைத் தொடுகின்றது. அலை ஒன்று எழுந்தால் மேலே வழியும். மண்கட்டின் மேல் நீர் வழியத் தொடங்கினால், வழியும் நீரே மண்ணை அரித்துத் தனக்கு வழியை அகலமாக்கிக்கொள்ளும். கட்டு உடைந்த இடத்தை முறிப்பு என்று வன்னியார் வழங்கினர். அச்சொல் புதுமுறிப்பு முதலிய ஊர்ப்பெயர்களாகவே நிலைத்துவிட்டது. நம் முன்னோர் பட்ட துன்பம் எழுதிய வரலாற்றில் இல்லாவிடினும் ஊர்ப்பெயரில் இருக்கின்றது.

குளத்திற் பரந்து ஏறும்போது வெள்ளத்தின் உச்சம் ஓரளவு தணியும் என்பதும் உண்மை. பொறியியலாளர் அதனையும் கணிப்பர். ஆனால் சிறு குளம் ஏற்கெனவே நிறைந்து வான் பாய்ந்துகொண்டிருக்கையில் அத்தணிவை நம்பி உறங்குதல் தகாது.

மண்பை அடுக்கியதால் நாம் பெற்ற இலாபம் யாது? குளத்தின் நீர்ப்பரப்பு 10 ஏக்கர் என்று கொண்டால், ஓரடி நீர் 10 ஏக்கர்-அடி. ஓர் ஏக்கர் நெல்லுக்குச் சிறுபோகத்தில் நான்கைந்து ஏக்கர்-அடி நீர் செல்லும். ஆக, இரண்டு ஏக்கர் அல்லது இரண்டரை ஏக்கர் நெல்! அதற்காகக் கட்டையும், அதன் கீழுள்ள முழு வயலையும், வயலோரத்து வீடுகளில் உறங்கும் குழந்தைகளையும் பணயம் வைத்தோம். அதுவுமன்றி நம் குளங்கள் பெரும்பாலும் தனித்தவையல்ல; ஒன்றின் வான்நீர் அடுத்ததன் வரவு. மேற்குளம் உடைந்தால் கீழ்க்குளம் தன் மழையோடு அடுத்தவன் குளத்தையும் சேர்த்துத் தாங்கவேண்டும். எந்த வானும் அதற்கு அளந்து கட்டப்பட்டதன்று.

இன்னும் ஒரு மயக்கம் உண்டு. "இது நூறாண்டு வெள்ளம், போன வருடம் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது" என்று சொல்வாரைக் கேட்டிருக்கின்றேன். நூறாண்டு வெள்ளம் என்பது நூறாண்டுக்கு ஒருமுறை நாள் குறித்து வரும் திருவிழா அன்று. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். சென்ற ஆண்டு வந்தது என்பதனை இவ்வாண்டு மழை அறியாது. ஒரு வாலிபன் இன்று குளத்தின் கீழே வீடு கட்டி 25 ஆண்டு வாழ்வானாயின், அக்காலத்துள் நூறாண்டு வெள்ளத்தை ஒருமுறையேனும் காண்பதற்கு நூற்றுக்கு 22 பங்கு வாய்ப்பு உண்டு. வானை 25 ஆண்டு வெள்ளத்துக்கு மாத்திரம் கட்டினாலோ, அதனை மிஞ்சிய வெள்ளம் அதே 25 ஆண்டுள் வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 64. அத்துடன் வெப்பம் ஒரு பாகை செல்சியசு ஏறினாற் காற்று ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். ஆகவே பழைய மழையேடுகளை மாத்திரம் நம்பிக் கட்டுவது, தந்தையின் சட்டையை வளரும் மகனுக்கு அளவெடுப்பது போலாகும்.

அன்பர்களே, எத்தனையாண்டு வெள்ளத்துக்கு ஒரு வானைக் கட்டுவது என்பதனை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அது மனிதர் எடுக்கும் முடிவு. அகலமான வானுக்குப் பணம் அதிகம். குறுகிய வானுக்கு உயிர் அதிகம். அம்முடிவை எடுப்பவர் மேசையருகே இருக்கின்றார். அதன் பலனை அநுபவிப்பவர் கட்டின் கீழே இருக்கின்றார். பொறியியலாளன் ஆகப்போகிறவன் என்ற முறையில் எனக்கு நானே சொல்லிக்கொள்வது, கணக்கை முடித்துக் கையொப்பம் இடுமுன் ஒருமுறை கட்டின் கீழே நடந்து பார் என்பதே. கடவுள் மேற் பழியைப் போடுவது எளிது. நமது கவனக்குறைவுக்கு இறைவனைச் சாட்சியாக மாத்திரமன்றிக் குற்றவாளியாகவும் நிறுத்துதல் பக்தியாகாது.

இறுதியாக, நம் சங்கம் செய்யத்தக்க சில காரியங்களைப் பணிவோடு முன்வைக்கின்றேன்.

ஒன்று, வெள்ள அடையாளம். 1957 இல், 2018 இல், நீர் எதுவரை வந்தது என்பது முதியோர் நினைவிலும் குடும்பக் கதைகளிலும் இருக்கின்றது. இந்த மரத்தின் இந்தக் கவர், அந்தக் கோயிற் படியின் மூன்றாவது கல் என்று அவர் காட்டுவர். வாலிபர் அவ்விடத்தை அளந்து, ஆண்டையும் உயரத்தையும் கல்லிலே பொறித்து வைத்தல் வேண்டும். நீரின் உயரமும், ஓடையின் அகலமும் சரிவும் தெரிந்தால், அன்று எவ்வளவு வெள்ளம் பாய்ந்தது என்பதனை இன்று கணித்துவிடலாம். ஒரு கிழவரின் நினைவு ஒரு நீரளவு நிலையத்துக்குச் சமம். அவர் போய்விட்டால் அந்நிலையமும் மூடப்படும்.

இரண்டு, மழைமானி. சங்கக் கட்டடத்து முற்றத்தில் ஒரு மழைமானி நாட்டி, மழைக்காலத்தில் நாளுக்கு ஒருமுறையன்றி மணிக்கு ஒருமுறை பார்த்தெழுதுவோம். கடும் மழையிற் குடை பிடித்துக்கொண்டு எழுதிய ஒரு பக்கமே பிற்காலத்தில் ஒரு வானின் நீளத்தைத் தீர்மானிக்கக்கூடும்.

மூன்று, சிரமதானம். ஆண்டுதோறும் குளக்கட்டுத் திருத்தப் போகின்றோம், நல்லது. இனி ஆவணியில், மழைக்கு முன்னே, முதலில் வானுக்குப் போவோம். வானிலும் அதன் கீழுள்ள ஓடையிலும் வளர்ந்த பற்றையை வெட்டுவோம். மதகுகளில் அடைத்த பனையோலையையும் பொலித்தீன் பைகளையும் நீக்குவோம். வானின் மேல் எதுவும் அடுக்கோம் என்று உறுதி கொள்வோம். குளத்துக்கு நீர் அதிகம் வேண்டுமாயின், கமக்காரர் அமைப்போடு கூடி, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தாரைக் கேட்டு, தூர்ந்த குளத்தை ஆழமாக்க வழி தேடுவோம். நீரை மேலே உயர்த்துவதிலும் கீழே ஆழப்படுத்துவது பாதுகாப்பு.

சைவ சமயிகளாகிய நாம் நீரை இறைவனின் அட்டமூர்த்தங்களுள் ஒன்றாய்ப் போற்றுகின்றோம். திருவானைக்காவில் அவனை அப்புலிங்கமாகவே வழிபடுகின்றோம். மூர்த்தியை எழுந்தருளச் செய்யும்போது வீதியைக் கூட்டி, தோரணத்தை உயர்த்தி, தேர் தட்டாமற் செல்லப் போதிய அகலம் விடுகின்றோம் அல்லவா? நீராய் எழுந்தருளும்போதும் அவனுக்கு வேண்டிய அகலத்தை விட்டுக்கொடுப்போம்.

குளக்கட்டிலே நின்று எங்களை எச்சரித்த அந்தப் பெரியப்பா இப்போது இல்லை. அவர் ஒரு வாக்கியத்திற் சொன்னதை நான் இத்தனை நேரம் கணக்குப் போட்டு நீட்டிச் சொன்னேன். அவர் சொன்னது சரியென்று கணக்கும் சொல்கின்றது.